பதில் மணி

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் புறப்படும் காலை ரயிலில் அவர் என் எதிரில் உட்காருவார். முன்பு தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றிச் செல்லும் கேஜ் கூண்டை இறக்க மணி அடித்தவர். நான் பார்த்த நாட்களில் பெங்களூரில் ஒரு கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையில் ஆட்டுக்குட்டிகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார். வற்றிய முகம். உட்கார்ந்த பலகையை விரலால் மூன்று முறை தட்டுவார், நிறுத்துவார், மறுபடி தட்டுவார்.

ஒருநாள் மடியில் கோணிச்சாக்கு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

“ரெட்டைக் குட்டிங்க சார். ஒண்ணுக்கு மட்டும் கழுத்துல தைராய்டை எடுத்துட்டு இன்னா ஆவுதுன்னு பாக்குறாங்க. அது வளரவே இல்ல. குளுர்ல நடுங்குது. போத்தலாம்னு எடுத்துகினு போறேன்.”

“ஏன் வளரல?”

“மண்டைக்குள்ள பிட்யூட்டரின்னு ஒண்ணு இருக்குதாம். வளர வைக்கிறதும் அதான், தைராய்டை வேலை வாங்குறதும் அதான். இப்ப வளர்றதுக்கு அது குடுக்கிறது கம்மியாயிடுச்சு. ஆனா இல்லாத தைராய்டைக் கூப்புடுறது மட்டும் முன்னைவிட ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாரு.”

மடியிலிருந்த சாக்கை நீவி மடித்தார்.

“சுரங்கத்துல அடி லெவல்ல பாறை இடிஞ்ச அன்னிக்கு நானும் அப்பிடித்தான் சார். நான் அடிச்சா கீழேர்ந்து பதில் மணி வரணும். வரல. ஷிப்ட் முடியிற வரைக்கும் அடிச்சிகினே இருந்தேன்.”

விரல் பழையபடி பலகையை மூன்று முறை தட்டியது. பிறகு நின்றது. அன்று அந்த இடைவெளியில் நானும் பதிலுக்காகக் காத்திருந்தேன்.