‘பரவால்ல’ டெபோரா

முடிச்சூரிலிருந்து தாம்பரம் வரும் ஷேர் ஆட்டோவில் டெபோரா இருக்கையின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பாள். பின்னால் சாய இடம் இருக்கும், சாய மாட்டாள். ஒரு கையால் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அடுத்து யார் ஏறப் போகிறார்களோ அவர்களுக்கு இப்போதே இடம் ஒதுக்கி வைத்திருப்பாள். ஏழாம் மாதத்தில் ஒரு நாள், அரிசி மூட்டையோடு ஏறிய பெரியவர் ஒருவர் அதை அவளுடைய பாதத்தின் மேலேயே இறக்கிவிட்டார். தாம்பரத்தில் மூட்டையைத் தூக்கும்போதுதான் கவனித்துப் பதறினார். “பரவால்லைங்க” என்றாள் டெபோரா. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்ற முடியாமல் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் சொன்னாள்.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தாற்போல இருக்கும் பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவு அவளுக்கு. ஒரு கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் மலைபோலப் புடவைகளைப் பிரித்துப் போட வேண்டும். பார்த்துவிட்டு, “வேற கடைல பாத்துட்டு வரோம்” என்று அவர்கள் எழுந்து போவார்கள். டெபோரா அதே சிரிப்போடு, “பாத்துட்டு வாங்கக்கா” என்று சொல்லிவிட்டு மடிக்க ஆரம்பிப்பாள். எதற்கும் திருப்தியடையாத வாடிக்கையாளர் யாராவது மாடியேறினால், மேற்பார்வையாளர் கண்ணாலேயே அவளைக் காட்டிவிடுவார். விற்பனைப் பெண்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அவளுக்கும் ஒரு ஸ்டூல் கிடைத்தது. அதில் பெரும்பாலும் யாராவது ஒரு வாடிக்கையாளரின் அம்மா உட்கார்ந்திருப்பார்.

அவளுடைய சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டாள். பெரியப்பா வீட்டில், அவருடைய பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தாள். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நல்லவர்கள்தான். ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் எப்போதும் வேலை இருந்தது. காய்ச்சல் வந்தால் டெபோரா யாரிடமும் சொல்லாமல் போர்த்திப் படுத்துக்கொள்வாள். மறுநாள் எழுந்து பள்ளிக்கூடம் போய்விடுவாள். ‘பாரமா இல்லாத பொண்ணு’ என்று பெரியம்மா அக்கம்பக்கத்தில் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பேர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

டேனியலைக் கட்டிக்கொண்டு வந்த வீட்டிலும் அதே பேர்தான். டேனியல் மேடவாக்கம் பக்கத்து அடுக்கு மாடிகளில் ஏ.சி. பழுது பார்ப்பவன். அவனுடைய அம்மா சரோஜினி, சர்ச் முடிந்து வாசலில் நிற்கும்போது நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, “எங்க மருமக வாயத் தொறந்து இது வேணும், அது வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல” என்பாள். பக்கத்தில் நிற்கும் டெபோரா செருப்பைப் பார்த்துக்கொண்டு சிரிப்பாள்.

வலி எடுத்த காலையிலும் அவள் சொல்லவில்லை. இடுப்பில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு வந்து பிடித்தது; விட்டது; மறுபடி பிடித்தது. டேனியலுக்கு அன்றைக்கு ஒரு பெரிய வளாகத்தில் வேலை. அவன் சாப்பிட்டுக் கிளம்பட்டும் என்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமியாருக்குப் போட்டாள். கல்லைக் கழுவப் போட்டாள். பாத்திரம் தேய்க்கிற தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றவளைச் சரோஜினிதான் பார்த்தாள்.

“எப்போலேர்ந்துடீ?”

“கொஞ்ச நேரமாதாம்மா. பரவால்ல, அவர் போய்ட்டு வரட்டும்.”

சரோஜினி காத்திருக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை அழைத்து வந்துவிட்டாள். டேனியல் வேலைக்கு வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டுப் பின்னாலேயே வண்டியில் வந்தான்.

அறக்கட்டளை ஒன்று நடத்துகிற மகப்பேறு மருத்துவமனை அது. கூட்டத்துக்குக் குறைவில்லை. கூட வந்தவர்கள் வராந்தாவோடு சரி. பிரசவம் ஆகும்வரை உள்ளே அனுப்ப மாட்டார்கள். பிரசவ வார்டில் வரிசையாகக் கட்டில்கள். கதவுக்குப் பக்கத்துக் கட்டில் டெபோராவுக்குக் கிடைத்தது. அடுத்த கட்டிலில் ஷம்சாத் என்று பல்லாவரத்துப் பெண். அவளுக்கு இது மூன்றாவது. வலி ஏறும்போதெல்லாம் அல்லாவைக் கூப்பிட்டாள். வலி இறங்கும்போது புருஷன் ஜாபரைப் பேர் சொல்லித் திட்டினாள். செல்போன் கடையை இன்றைக்கும் திறந்து வைத்திருக்கிறானாம். அவள் போட்ட சத்தத்தில் வார்டே ஆடியது. நர்ஸ் ரோஹிணி ஒவ்வொரு முறையும் ஓடி வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவி வைத்துக் கேட்டாள். கத்தாதே என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போனாள்.

போகிற வழியில் டெபோராவிடமும் கேட்டாள்: “உனக்கு எப்படிம்மா இருக்கு வலி?”

“பரவால்ல சிஸ்டர்.”

ரோஹிணி தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். டெபோராவின் கை கட்டில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கொசுவம் வைப்பதுபோல மடித்துக்கொண்டிருந்தது. வலி வரும்போது மடிப்பாள். வலி போனதும் நீவிவிடுவாள். ஷம்சாத் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“இன்னா தங்கச்சி, வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு கீறே?” என்றாள். “இங்க சத்தம் போட்டாதான் திரும்பிப் பாப்பாங்க. நல்லா கத்து. யாரு இன்னா சொல்லப் போறா?”

டெபோரா சிரித்தாள். கத்திப் பார்க்கலாம் என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் வலி வந்த நேரத்தில் உதடுகள் தாமாகவே இறுகிக்கொண்டன. மூக்கால்தான் மூச்சு வந்தது.

மத்தியானத்துக்கு மேல் வார்டு தலைகீழாகிவிட்டது. ஒரு பெண்ணை அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் அவளோடு போய்விட்டாள். ஷம்சாத்தைப் பிரசவ அறைக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போதும் அவள் ஜாபரை விடவில்லை. ரோஹிணி ஒருத்தியாக அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். டெபோராவின் கட்டிலைக் கடந்துதான் ஒவ்வொரு தடவையும் போனாள். சத்தம் போடாதவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். அவளிடம் கேட்டபோதும் பதில் அப்படித்தானே வந்தது.

வெதுவெதுப்பாக என்னவோ தொடைவழியே இறங்கியது. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று டெபோராவுக்குப் புரிந்தது. செக்கப்புக்கு வந்தபோது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் மாதிரி இருக்கும் என்று. அவள் தலையைத் தூக்கி விரிப்பைப் பார்த்தாள். தண்ணீர் மாதிரி இல்லை. குளத்துப் பாசியைக் கரைத்து ஊற்றினாற்போல ஒரு பச்சை.

“சிஸ்டர்” என்று கூப்பிட்டாள். கடையில், “இந்தக் கலர் பாக்கறீங்களாக்கா” என்று கேட்கிற அதே குரல்தான் வந்தது. ரோஹிணி ஓட்டமாகப் போய்க்கொண்டே, “வரேம்மா, இரு” என்றாள். திரும்பி வரும்போது கையில் ட்ரே. “சிஸ்டர், ஒரு நிமிஷம்.” “இதோ வரேன்னு சொன்னேன்ல.”

காலையிலிருந்து வயிற்றுக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்த பிள்ளை அசையவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்போதிலிருந்து அசையவில்லை என்று யோசித்தாள். தெரியவில்லை. வாயை மூடி வலியை அடக்குவதிலேயே கவனமாக இருந்துவிட்டாள்.

மூன்றாவது முறை ரோஹிணி கடந்தபோது டெபோரா கூப்பிடவில்லை. கட்டிலிலிருந்து பாதி உடம்பு வெளியே வர எட்டி, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“விடும்மா. உள்ள டேபிள்ல ஆள் இருக்கு.”

“பாத்துட்டுப் போங்க.”

“வலிக்குதும்மா, கைய விடு.”

“விட மாட்டேன் சிஸ்டர். பாருங்க. பாத்தாதான் விடுவேன்.”

குரல் பெரிதாக ஒன்றும் எழவில்லை. ஆனால் நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள். பட்டுக்கட்டு தூக்கித் தூக்கி உரமேறிய கை. ரோஹிணி வேறு வழியில்லாமல் குனிந்தாள். விரிப்பைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை டெபோரா பார்த்துவிட்டாள். கருவியை வயிற்றில் வைத்தபோது குதிரை ஓடுகிற மாதிரி கேட்க வேண்டிய சத்தம், களைத்துப்போய் நடக்கிற மாதிரி விட்டுவிட்டுக் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தன. டாக்டர் ஜீவிதா ஓடி வந்தார். குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, உடனே வெளியே எடுக்க வேண்டும் என்று சொன்னார். சக்கரம் கிறீச்சிட ஸ்ட்ரெச்சர் உருண்டது. கருப்பை வாய் முழுவதும் திறந்துவிட்டது, ஆபரேஷனுக்கு நேரமில்லை, முக்கு என்றார்கள். இத்தனை தூரம் வலி முற்றியும் ஒரு முனகல்கூட வரவில்லையே என்று யாரோ அதிசயப்பட்டார்கள். டெபோரா முக்கினாள். கண்ணுக்குள் வெள்ளையாகப் பூச்சி பறந்தது. குழந்தையின் தலையில் உறிஞ்சுகிற கிண்ணம்போல ஒன்றை வைத்து டாக்டர் இழுத்தார். “இன்னொரு தடவ. இன்னும் ஒரே தடவம்மா.” உடம்பிலிருந்து ஒரு பாரம் வழுக்கிக்கொண்டு போனது.

அறையில் சத்தமே இல்லை.

“ஏன் அழல?” என்றாள் டெபோரா.

மூலையில் விளக்குக்குக் கீழே இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். குழாய் வைத்து உறிஞ்சுகிற சத்தமும், ரப்பர் பலூனை அமுக்கி விடுகிற சத்தமும் மட்டும் கேட்டன. தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டரிடம் கேட்டாள். “பாத்துட்டிருக்காங்கம்மா” என்றார் அவர். துணி எடுக்க வந்த ஆயாவிடம் கேட்டாள். ரோஹிணியிடம் கேட்டாள். மறுபடி டாக்டரிடமே கேட்டாள். பெண் குழந்தை, மூச்சு வந்திருக்கிறது, ஆனால் உதவி வேண்டியிருக்கிறது என்று சொல்லி, துணியில் பொதிந்த ஒன்றை அவள் பக்கம் காட்டாமலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிரசவமான பெண்களின் வார்டில் ஷம்சாத் முன்னமே வந்து படுத்திருந்தாள். பையன். காலையில் வார்டை ஆட்டி வைத்தவள் இப்போது வாயே திறக்கவில்லை. டெபோராவை வெறுங்கையோடு கொண்டுவந்து படுக்க வைத்ததைப் பார்த்ததும், மெல்லத் தன் பையனை எடுத்து மறுபக்கத்தில், அவள் கண்ணில் படாதபடி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பணி முடிந்த கையோடு ரோஹிணி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் நான்கு நகக்குறிகள் கருஞ்சிவப்பாக இருந்தன.

“எப்படி இருக்குன்னு உன்னக் கேட்டேன்” என்றாள். “நீ பரவால்லன்ன. நானும் நம்பிட்டுப் போயிட்டேன்.” விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். “நான் கைய வச்சுப் பாத்திருக்கணும்.”

டெபோரா அந்தக் கையை எடுத்து நகக்குறிகளின் மேல் விரலால் தடவினாள்.

சாயங்காலம் டேனியல் கண் சிவக்க ஓடி வந்தான். குழந்தைகள் டாக்டர் கூப்பிட்டுப் பேசினாராம். பாப்பா தானாகவே மூச்சு விடுகிறது, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தெரிகிறது, இனிமேல் பயப்பட வேண்டியதில்லை, இன்றைக்கே பால் கொடுத்துப் பார்க்கலாம், நேரம் வந்ததும் கூப்பிடுவார்கள் என்றான். சரோஜினி அங்கேயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். எழுந்ததும் மருமகளுக்கு ஒரு புத்தியும் சொன்னாள். டாக்டர்மார்களைச் சும்மா சும்மா கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கோபித்துக்கொள்வார்கள், அவர்களாகக் கூப்பிடும்வரை பேசாமல் படுத்திருக்கட்டும்.

டெபோரா காலைத் தொங்கவிட்டு இறங்கினாள். தையல் இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கடைசியிலிருந்த பச்சிளங்குழந்தைகள் பிரிவுவரை போனாள். வாசலில் இருந்த ஆயா, டாக்டர் உள்ளே இருக்கிறார், கூப்பிடுவோம், உட்கார் என்று பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்தாள். ஆயா எதற்கோ எழுந்து போனாள். கதவு மூடியிருந்தது.

உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. மெல்லிசாக, கம்மிப்போய், குரலைப் புதிதாகக் கண்டுபிடித்தது போன்ற அழுகை. உள்ளே எத்தனையோ குழந்தைகள். தன் குழந்தை அழுது அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இருந்தும் பால் சுரந்து நைட்டியின் முன்பக்கம் இரண்டு இடத்தில் சட்டென்று ஈரம் பரவியது.

டெபோரா எழுந்தாள். விரல் முட்டியால் கதவை ஒரு தட்டு தட்டினாள். யாரும் வரவில்லை. அழுகை நிற்கவில்லை. வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, உள்ளங்கை முழுவதையும் விரித்து, வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கதவின் மேல் ஓங்கி அறைந்தாள்.