பதினெட்டு பேரின் ஒருநாள் கூலி

இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட்டுக்கொண்டே யோசித்து, கூடை காலியாகும்போது கையைக் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். நன்கொடை கொடுக்குமுன் கணக்குப் பார்க்கிற வேலை இறால் உரிக்கிறதைவிடக் கஷ்டம். இறாலிலாவது எது ஓடு, எது சதை என்று கண்ணுக்குத் தெரியும். உங்கள் மகளிர் குழுவிலும் இந்த வேலையை யாரோ ஒருத்தி தலையில் கட்டியிருப்பார்கள். இது அந்த ஒருத்திக்கு.

எட்டாங்கிளாஸ்

நான் படித்தது எட்டு வரைக்கும். எங்கள் குழுவில் பதினெட்டு பேர். கடலுக்கடியில் கிடக்கிற அறுந்த வலைகளை முங்கி எடுக்கிற ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுப்பதாகப் பேச்சு வந்தது. சும்மா இரக்கத்தில் இல்லை. போன வருஷம் என் வீட்டுக்காரரின் புது வலை அப்படிக் கிடந்த ஒரு பழைய வலையில் மாட்டி, நாராகக் கிழிந்து வந்தது. எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு.

ஆனால் முன்னொரு தடவை, கடற்கரையில் மரம் நடுகிறோம் என்று ஒருவர் வாங்கிப்போன பணத்துக்கு ஒரு செடியும் முளைக்கவில்லை. அதனால் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பணம் என்றார் தலைவி ரெஜினா அக்கா. பார்க்கிறது யார்? எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான்கு பேர் இருந்தாலே எனக்கு நாக்கு எழும்பாது. கைக்குழந்தையைச் சாக்குச் சொன்னேன். ரெஜினா அக்கா விடவில்லை.

"புள்ளைய நான் வச்சிக்கிடுதேன், நீ போ. ஒன் கூலியும் அதுல இருக்குல்லா, அந்த வலியோட பாரு."

ஆமைப் படம்

அந்தத் தொண்டு நிறுவனத்து ஆபீசில் ஒரு வழவழப்பான புத்தகம் கொடுத்தார்கள். ஆமை, பவளப்பாறை, சூரியன் உதிக்கிறது, மறுபடி ஆமை. கணக்கு எங்கே என்று கேட்க வெட்கமாக இருந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ரெஜினா அக்கா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஆமை நல்லாத்தான் இருக்கு. வரவு செலவு எங்க? அது முதுகுல எழுதியிருக்காவளா?"

தேய்மானம்

மறுபடி போனேன். அங்கே கணக்கு எழுதுகிறவர் சாயர்புரத்து அண்ணாச்சி ஒருவர். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கையும், பில் ஃபைலையும் என் முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். நான் விரலை வைத்து வரிவரியாகப் போனேன். முங்குகிறவர்கள் சம்பளம், வள்ளம் என்கிற நாட்டுப்படகின் வாடகை, டீசல், எல்லாம் புரிந்தது. அப்புறம் தேய்மானம் என்று ஒரு பெரிய தொகை. ஃபைலில் அதற்குப் பில்லே இல்லை. யாரோ சுருட்டியதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு வேர்த்துவிட்டது.

மெதுவாகக் கேட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "ஒங்க வீட்டு வள்ளத்து இஞ்சின இப்ப வித்தா வாங்குன வெலைக்குப் போகுமாம்மா?" என்றார். போகாது என்றேன். "அந்தக் கொறைஞ்ச பணம் யாரு கைக்கும் போகல, ஆனா போயிருச்சுல்லா? எங்க முங்குத சாமானுக்கு அதத்தான் எழுதியிருக்கோம்" என்றார். மறுநாள் இறால் உரிக்கிற ஷெட்டில் இதை எல்லோருக்கும் பெருமையாக விளக்கினேன். பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த மேரி அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்போ நம்ம இடுப்புக்கு எவம்ளா தேய்மானம் எழுதுதான்?"

ஞாயிற்றுக்கிழமை

மூன்றாம் தடவை பில்களின் தேதியைப் போன் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். வள்ள வாடகை பில் நாலு, நாலும் ஞாயிற்றுக்கிழமை! எங்கள் கரையில் ஞாயிறு ஒரு வள்ளமும் தண்ணீரில் இறங்காது. பூசைக்குப் போவோம், கறி எடுப்போம், வலை கரையில் கிடக்கும். அப்படியானால் இது பொய் பில்தானே? அண்ணாச்சி எதிரிலேயே இருந்தார். கேட்க வாய் வரவில்லை. பிள்ளை அழும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் ஷெட்டுக்கு வந்ததும் வாய் வந்துவிட்டது. பொய் பில்லு, பொய் பில்லு என்று சொல்லி முடிப்பதற்குள் பதினெட்டு பேரும் பணம் கிடையாது என்று முடிவு செய்துவிட்டார்கள். ரெஜினா அக்காவுக்கு ஒரே ஆத்திரம்.

"பொய் எழுதுதவன் காலண்டரையாவது பாத்து எழுதக்கூடாதா?"

குலசை பாய்

இரண்டு நாள் கழித்து, குழு என்ன முடிவு செய்தது என்று அண்ணாச்சி போன் பண்ணினார். முகம் தெரியாத தைரியத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டேவிட்டேன். அவர் சொன்னார்: "வள்ளம் குலசை ஊரு பாயோடதும்மா. அவுகளுக்கு வெள்ளிக்கிழமதான் லீவு. ஞாயித்துக்கிழம ஒங்க வள்ளமெல்லாம் கரையில கெடக்கும், முங்குதவன் தலைக்கு மேல இஞ்சின் ஓடாது. எங்களுக்கு அதவிட நல்ல நாளு ஏது?" அவரிடமே நம்பர் வாங்கி பாய்க்கும் போன் போட்டேன். அவர் தன் நோட்டைப் பார்த்து வாசித்த நாலு தேதியும் நான் குறித்து வந்த பில் தேதியோடு ஒத்துப்போனது. இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், என் கோயில் மணிதான் கடலுக்கே மணி என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாள் ஷெட்டில் எழுந்து நின்றேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன், அந்த பில்லு நெசம்தான்" என்று நடந்ததைச் சொன்னேன். மேரி அக்கா கையைத் துடைத்து, இடுப்பு முடிச்சை அவிழ்த்தார்.

"தப்புன்னு வந்து சொல்லுதவ பாத்த கணக்கு சரியாத்தான் இருக்கும். இந்தா, எங்கூலிய மொதல்ல எழுது."

ஆகமொத்தம் நான் கற்றுக்கொண்டது, கணக்கில் சந்தேகம் வந்தால் எழுதினவரிடமே அங்கேயே வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நாமே பதினெட்டு பேர் முன்னால் நின்று... ரெஜினா அக்கா கூப்பிடுகிறார், கோயில் திருவிழா வரவு செலவையும் நான்தான் பார்க்கணுமாம், இதோ வாரேன்க்கா, நான் சொல்ல வந்தது என்னவென்றால்...