வாங் லி ரீச்சரின் முகத்தைத் தேடி லா சப்பலுக்கு

லியோனில் வேலை பார்க்கும் நான், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிஸுக்குப் போனது ஈபிள் கோபுரம் பார்க்க அல்ல. நான் செய்த ஒரு தவற்றைச் சரிசெய்ய. ஒரே பெயர் கொண்ட பிரபலங்களைத் தமிழில் பட்டியல் போட்டு இணையத்தில் ஏற்றுவது என் பொழுதுபோக்கு. என் பெயர் செந்தில்குமார். திருப்பூரில் என் வகுப்பிலேயே மூன்று செந்தில்குமார்கள். இன்னொருவன் செய்த சேட்டைக்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். அதனால் வந்த கிறுக்கு இது. 'வாங் லி' என்ற சீனப் பெயரில் மட்டும் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். பாடகி, ஓவியர், ஓட்டக்காரர் என்று போகும் அந்த வரிசையில் ஒருவர், இளமையில் தன் மாகாணத்துக்காக டேபிள் டென்னிஸ் ஆடியவர். பிறகு பாரிஸில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

அவர் பெயருக்குப் பக்கத்தில் பாடகி வாங் லியின் படத்தைப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஒரு வாசகர் சுட்டிக்காட்டியதும் நீக்கினேன். அப்போதுதான் முன்பு வந்த ஒரு மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. பாரிஸில் ஈழத்தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் யோகன், அழைப்பிதழுக்கும் பதாகைக்கும் என் பக்கத்திலிருந்து படம் எடுத்ததாக நன்றி சொல்லி எழுதியிருந்தார். ஞாயிறு மூன்று மணிக்குப் பிரியாவிடை. இருபது வருடம் கற்றுக்கொடுத்தவர் அந்த வாரமே சீனாவுக்குத் திரும்பிப் போகிறார். அவருடைய பெயருக்கு மேல், எட்டடிப் பதாகையில், வேறொரு பெண் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஃபோன் போட்டேன். “பதாகை அடிச்சாச்சே, தம்பி. அது ரீச்சரின்ரை இளவயசுப் படமாக்கும் எண்டெல்லோ நினைச்சம்” என்றார் யோகன்.

“சரியான படம் ஒண்ணு கிடைச்சா போதும்ணே, வேற அடிச்சுடலாம்.”

கிடைக்கவில்லை. கழகத்திடம் போட்டிகளில் எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன, எதிலும் அவர் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவரே அவர்தான். விழாவை அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருந்ததால் அவரிடம் கேட்கவும் வழியில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினாலும் சரி, ஒரு படம் இல்லாமல் திரும்புவதில்லை என்று டிக்கெட் போட்டேன்.

லியோன் பார்-தியூ நிலையத்தில் காலை ஏழு மணி ரயில், 49 யூரோ. ஒன்பதுக்கு பாரிஸ். அங்கிருந்து ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கார் து நோர், டிக்கெட் 2.50. வெளியே வந்து ஆறேழு நிமிடம் நடந்தால் லா சப்பல் கடைத்தெரு. ஒரு தேநீர்க் கடையில் யோகனும் மனைவி சுகந்தியும் காத்திருந்தார்கள். இருவர் முகத்திலும் தூக்கமில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி இன்னும் கூடியது.

“விளையாட்டுப் படங்களை விடுங்க. டீச்சர் யார் வீட்டு விசேஷத்துக்காவது வந்திருக்காங்களா?” என்று கேட்டேன்.

சுகந்தி கோப்பையைக் கீழே வைத்தார். “ஐயோ, எங்கடை மகளின்ரை சாமத்தியவீட்டுக்கு வந்தவவெல்லோ! நான்தானே சீலை உடுத்திவிட்டனான்!”

சாமத்தியவீடு என்றால் நம் ஊர் மஞ்சள் நீராட்டு விழா. இங்கே மண்டபம் பிடித்துச் செய்கிறார்கள். வந்தவர்கள் ஒருவர் விடாமல் மேடையேறி, பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தாக வேண்டும். வரிசையிலிருந்து நழுவிச் சாப்பாட்டுக்குப் போக முடியாது. இதை நான் பலமுறை கிண்டல் செய்தவன். அன்று அந்த வழக்கத்தைக் கும்பிடத் தோன்றியது.

அவர்கள் வீடு புறநகரான ஸ்தேனில். அதே டி ரயிலில் கால் மணி நேரம், பிறகு பன்னிரண்டு நிமிட நடை. மூன்று ஆல்பங்கள், ஒவ்வொன்றும் தூக்கவே இரண்டு கை வேண்டும். மூன்றாவதில் இருந்தார். பச்சைப் பட்டுச் சேலை, நெற்றியில் பொட்டு, சர்வீஸ் போடப் போகிறவர்போல் விறைத்த தோள். சுகந்தி சட்டென்று அழுதுவிட்டார்.

பன்னிரண்டரைக்கு லா சப்பல் திரும்பினோம். அச்சுக்கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இண்டைக்கு ஏலாது. நாளைக்கு வாங்கோ.”

“நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க அடிக்கிறப்ப அடிங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

“அண்ணை, உங்கடை மகனும் அவவிட்டைத்தானே பழகினவன்?” என்றார் சுகந்தி.

அவர் எழுந்துபோய் இயந்திரத்தைப் போட்டார். இரண்டேகாலுக்குப் பதாகை கையில். ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் மண்டபம், பத்து நிமிட நடை. ஆட்கள் வருமுன் இதைக் கட்டியாக வேண்டும். நாங்கள் ஓடினோம்.

கடைசிப் பயிற்சி என்று சொல்லித்தான் வாங் லியை யோகன் அழைத்து வந்தார். கையில் மட்டையோடு உள்ளே வந்தவர், பதாகை முன்னால் போய் நின்றார். பிறகு பிள்ளைகளின் தாய்மாரிடம் கற்ற தமிழில், “ஓம். இது நான்” என்றார். நான் பிரெஞ்சில் என் தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பாடகிக்கு வந்த கடிதங்கள் தனக்கும் வந்ததுண்டு என்று சிரித்தார். “என்னைப் பாடச் சொல்லாதவரை கவலையில்லை.”

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் பெரும்பாலான தமிழ்க் கடைகள் திறந்திருக்கும். மதியம் ஒன்றுக்கு மேல் சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைப்பது கஷ்டம். டி ரயில் சில வார இறுதிகளில் பராமரிப்புக்காக ஓடாது, முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை வைத்து ஆளைத் தேடுகிறவர்கள், தெரிந்தவர் ஒருவரிடமாவது படத்தைக் காட்டிக் கேளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

விழா முடிந்து எல்லாப் பிள்ளைகளும் மேடையில் கூடினார்கள். நான் ஃபோனை எடுத்தேன். வாங் லி, பழக்கதோஷத்தில், என்னிடம் வந்து அதைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. சுகந்தி வந்து அந்தக் கையைப் பிடித்து, நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.