இழுப்புக்கு ரெண்டு மாத்திரை

மெடிக்கலில் நிற்கிறவளை ஊரார் பாதி டாக்டர் என்பார்கள். சீட்டு இல்லாமல் மாத்திரை தர மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பாதியும் போய்விடும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆறு வருஷமாக நிற்கிறேன். என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நிற்கும் மக்களே, இழுப்புக்காரர்களிடம் நீங்களும் மாட்டியிருப்பீர்கள்.

போன தடவை குடுத்தது

இருளப்பன் திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைப்பார். வயது ஐம்பதுக்குள். மாதம் இரண்டு தடவை காலி மாத்திரை அட்டையை நீட்டி, போன தடவை குடுத்ததையே கேட்பார். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கும். "இது நெனச்சப்பல்லாம் முழுங்குற மாத்திரை இல்ல, டாக்டரைப் பாருங்கண்ணே" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

மூட்டம் எரியும் நாட்களில் அதை விட்டு நகர முடியாதாம். மேல்மண்ணில் ஒரு வெடிப்பு விட்டால் போதும், கரி மிஞ்சாது, சாம்பல்தான். இதைச் சொல்வதற்குள் நாலு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அங்க காத்து உள்ள போகக்கூடாது, எனக்குப் போகமாட்டேங்குது, நான் எதைத் தாயி பாக்க?"

சேலைக்கடியில் பம்பு

ஒருவழியாக இரண்டு மூட்டத்துக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டோடு வந்து இன்ஹேலர் பம்பு வாங்கிப் போனார். எப்படி உறிஞ்ச வேண்டும் என்று கடையிலிருந்த காலி பம்பை வைத்து மூன்று தரம் செய்து காட்டினேன். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இருபது நாள் கழித்து அவர் மனைவி பஞ்சவர்ணம் அதே பழைய அட்டையோடு வந்து நின்றார். பம்பு என்னாச்சு என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியில், சேலைக்கடியில், பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறதாம். பழகிவிடும் என்ற பயமா என்றால் அதுவும் இல்லை. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள்.

"இழுத்துக்கிட்டுத் திரிஞ்சா சளின்னு சொல்லிக்கிரலாம், பம்போட பாத்தா பொண்ணு கேட்டு எவுக தாயி வருவாக?"

என் கைப்பட ஒரு நோட்டீஸ்

அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. திருச்சுழி பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கோபம் வேறு. ஒரு அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கவுண்டரில் ஒட்டினேன். 'மூச்சு வாங்காமல் ஒரு வரி பேச முடியவில்லையா? மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகிறதா? உதடு நீலம் பாரிக்கிறதா? பம்பு அடித்தும் அடங்கவில்லையா? கடைக்கு வராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.'

மத்தியானம் முதலாளி அண்ணாச்சி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசும் படித்தார்.

"ஏம்மா, கடைக்கு வராதீகன்னு என் கடையிலயே ஒட்டியிருக்கியே, ஷட்டரை நீ இறக்குறியா, நான் இறக்கவா?"

சத்தம் நின்றது

அடுத்த வாரம், பகல் பதினொரு மணி. பஞ்சவர்ணம் சிரித்த முகமாக வந்தார். ராத்திரியெல்லாம் இழுத்த இழுப்பு காலையில் அடங்கிவிட்டதாம், ஆஸ்பத்திரிக்கென்று கிளம்பியவர்கள் இனி எதற்கு என்று சத்து டானிக் வாங்கிப் போக வந்திருக்கிறார்கள்.

"அண்ணன் பேசுறாகளா?" என்றேன்.

"பேசல. அசந்து போயி ஆட்டோவுல தலையைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்காக."

என் நோட்டீஸில் இல்லாத வரி இது. காற்றே போகாவிட்டால் விசில் எங்கிருந்து வரும்? கவுண்டரைத் தாண்டி ஓடினேன். உதடு சாம்பல் பூத்திருந்தது, நெற்றி முழுக்க வேர்வை, கூப்பிட்டால் கண் மட்டும் லேசாகத் திறந்தது. நெஞ்சில் காதை வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. அதே ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் ஆக்ஸிஜன், ஊசி, நெபுலைசர் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. வெளியே நான் நடந்து நடந்து தரையைத் தேய்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் நெஞ்சில் விசில் மறுபடி கேட்டது. காற்று போக ஆரம்பித்துவிட்டது, பிழைத்துக்கொள்வார் என்றார் நர்ஸ். பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இந்தச் சத்தம் நிக்கணும்னு நேந்துக்கிட்டேன் தாயி, இப்ப இது வந்ததுக்கு எந்தச் சாமிக்குப் பொங்கல் வைக்க?"

ஆறு வருஷத்தில் நான் படித்த வைத்தியம் இவ்வளவுதான்: இருமுகிறவரிடம் சீட்டைக் கேட்கலாம், இரைக்கிறவருக்கு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லலாம், சத்தமே போடாதவரைக் கண்டால் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓட வேண்டும்.