டீக்கடையில் கொதித்த சென்சார்

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையில், பாதி வழியில் ஒரு டீக்கடை இருக்கிறது. போன வருஷம் ஆறேழு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் பயணம் அந்தக் கடையோடு முடிந்துபோனது. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் வரை போவதாகத்தான் கிளம்புவோம். கடைக்கு முந்தைய வளைவில் காரின் டெம்பரேச்சர் முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிடும். "நிறுத்து, நிறுத்து" என்பார் என் கணவர். நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் டீ குடித்து, வந்த வழியே இறங்கிவிடுவோம்.

அந்தக் கார் எங்களுக்கு வாணியம்பாடியிலிருந்து வந்தது. அங்கே தோல் வியாபாரம் செய்யும் நண்பர், என் கணவரோடு கல்லூரியில் படித்தவர், முட்டி வலியால் இனிமேல் இவ்வளவு தாழ்வான வண்டியில் ஏறி இறங்க முடியாது என்று எங்களிடம் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தில் செய்த, ஐம்பது வயது தாண்டிய பச்சைக் கார். கூரையை மடக்கலாம்; இரண்டு பேர்தான் உட்காரலாம். உதிரி சாமான் நிறைந்த பிஸ்கட் டப்பா ஒன்றும் டிக்கியில் கூடவே வந்தது. என் கணவருக்குக் கார் ஓட்டுவதைவிட அதைப் பற்றிக் கவலைப்படுவதில்தான் ஈடுபாடு அதிகம். ஆகவே நான் ஓட்டுவேன். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வருவார்.

போளூரில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினோம். தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். ஃபேன் பெல்ட், ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிதாகப் போட்டோம். முள் எதையும் மதிக்கவில்லை.

டீக்கடை நடத்துகிற பெண்மணி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் கணவர் மலையில் ஜீப் ஓட்டுகிறார். எங்களைக் கண்டதும் அந்த அக்கா கேட்காமலே டீ போட ஆரம்பித்துவிடுவார். ஒரு ஞாயிறு, டம்ளரை நீட்டியபடியே காரைச் சுற்றி வந்து, ரேடியேட்டர் பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"டீச்சர், இது சூடாவல."

"முள்ளு உச்சியில நிக்குதேக்கா."

"முள்ளு நிக்கட்டும். எங்கூட்டுக்காரரு ஜீப்பு சூடானா பொகஞ்சிகினு, சளசளன்னு கத்திகினு வரும். பத்தடி கிட்ட போவ முடியாது. இது கம்முனு கீது. ஒரு நாளாச்சும் ஆவி வந்துச்சா?"

வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் நான். அது எனக்குத் தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே வாணியம்பாடி நண்பருக்குப் போன் போட்டேன். அவர் என்னை "பாபி" என்றுதான் கூப்பிடுவார்; உருதுவில் அண்ணி.

"பாபி, சாவி போட்டதும் முள்ளு டக்குனு எழுந்து நிக்குதா, மெள்ள ஏறுதா?"

"மெள்ளதான் ஏறுது."

அந்தப் பக்கம் சிரித்தார். "என் தப்புதான். பழைய மீட்டர் ஒடஞ்சி போச்சின்னு வேற வண்டி மீட்டரைப் போட்டேன். அது மெள்ள ஏறுற ஜாதி. என்ஜின்ல கீற சென்சார் பழைய மீட்டரோடது. அது ரெண்டுக்கும் ஒத்துக்காது. டப்பாவுல ரெண்டு சென்சார் இருக்கும், பாருங்க. எது எதுக்குன்னு சத்தியமா ஞாபகமில்ல."

டப்பாவில் இருந்தன: விரல் நீளத்தில் இரண்டு பித்தளைத் துண்டுகள். என்ஜினில் திருகிவிட்டால் தண்ணீரின் சூட்டை மீட்டருக்குச் சொல்வது இதன் வேலை. எது சரியான துண்டு என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நாள் முழுக்கத் தண்ணீர் கொதிக்கும் இடம் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு, ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிய தெர்மாமீட்டரோடு போனோம். காரை அடுப்பின் ஓரமாக நிறுத்தினேன். சென்சாரின் தலையிலிருந்து மீட்டருக்கு ஒரு ஒயர், உடம்பிலிருந்து காரின் இரும்புக்கு ஒரு ஒயர். அக்கா ஒரு பழைய சட்டியைத் தேடி எடுத்து வைத்தார்.

"இதுல இனிமே டீ போட மாட்டேன். நீங்களே வச்சிக்கோங்க."

முதல் துண்டைத் தொங்கவிட்டோம். தண்ணீர் குமிழி விட்டது. முள் கீழ்க்கோட்டைவிட்டு அசையவே இல்லை. பெஞ்சிலிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா டீ இது?" என்றார். "கார் டீ" என்றார் அக்கா.

இரண்டாவதைப் போட்டோம். தெர்மாமீட்டரில் எண்பத்தைந்து வந்தபோது முள் மெதுவாக ஏறி, மீட்டரின் நட்டநடுவில் நின்றது. நன்றாகக் கொதித்த பிறகும் நடுவிலிருந்து கொஞ்சம்தான் தள்ளிப் போனது. மலையில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. என் கணவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

என்ஜின் ஆறியதும் பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகினேன். சந்தேகத்துக்குப் பழையதையும் சட்டியில் போட்டேன். எண்பத்தைந்திலேயே உச்சியைத் தொட்டது. எத்தனை மாதம் நல்ல காரைச் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

"இனிமே நிக்காம மேல போய்டுவீங்க" என்றார் அக்கா, சட்டியைக் கவிழ்த்தபடி. பிறகு தயங்கிச் சொன்னார்: "ஜமுனாமரத்தூர்ல என் தங்கச்சி வூடு கீது. பாத்து மூணு மாசமாச்சி. கடைய வுட்டுட்டுப் போவ முடியல."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் காரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"போய்ட்டு வாங்க" என்றார். "டீதானே, நான் பாத்துக்கறேன்."

அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு காற்று முகத்தில் அடித்தது. எதிரே வந்த ஜீப்பில் அவர் கணவர் இருந்தார். மனைவியை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அக்கா ராணி மாதிரி கையை மட்டும் அசைத்தார். முள் நடுவிலேயே நின்றது. முதல்முறையாக நான் அதைப் பார்க்க மறந்து ஓட்டினேன்.

தங்கை வாசலுக்கு வந்து காரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாக்கா இது, மீதி வண்டி எங்கே?"

கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்டோம். திரும்பும்போது அக்காவின் மடியில் ஒரு பலாப்பழம் இருந்தது. கார் முழுக்க அதன் வாசனை.

கடையில் கூட்டம் குறையவில்லை. என் கணவரின் சட்டையெல்லாம் பால். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் குடிக்காமல் இருந்தார்கள். அக்கா ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தார். மீதியைச் சாலையோரம் ஊற்றிவிட்டு அவரிடம் திரும்பினார்.

"சார், அடுத்த வாரம் மலைக்கு அந்தாண்ட புதூர்நாட்டுல ஒரு கல்யாணம் கீது. அதுக்குள்ள உங்களுக்கு டீ போட கத்துக்குடுத்துடறேன்."