ஐம்பது வார்த்தைக்குள் ஒரு ஜீப்

போன செவ்வாய்க்கிழமை காலை. கூடலூரில் தேனி பஸ் ஏறி உட்கார்ந்ததும் போனில் ஒரு மெயில். என் ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது பத்தி கண்ணில் பட்டது. ‘முடிவுரை, வரம்புகள், நன்றியுரை ஆகிய மூன்றையும் திருத்தி அனுப்பவும். நன்றியுரை ஐம்பது வார்த்தைக்குள் இருக்க வேண்டும். பேட்டி தந்தவர்களின் பெயர்கள் இடம்பெறக் கூடாது.’

சின்னமனூர் தாண்டும் வரை அந்த இரண்டாவது பத்தியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். கட்டுரை எதைப் பற்றியது தெரியுமா? எங்கள் ஊரிலிருந்து ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வரும் பெண்களைப் பற்றியது. போகவர ஆகும் அந்த மணிக்கணக்கான பயணம் அவர்கள் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. முழங்கால் போகும் வரை என் அம்மாவும் அதே ஜீப்பில் போனவர்தான். அம்மா மலையேறியதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் அந்தப் படி ஏறிய முதல் ஆள் நான்.

பேட்டி எடுக்க அந்தப் பெண்களுக்கு ஏது நேரம்? வீட்டில் சமையல், தோட்டத்தில் மேஸ்திரி. மிச்சம் ஜீப் மட்டும்தான். ஆகவே நானும் ஏறிக்கொண்டேன்.

அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எந்த இடமோ, அதுதான் வருஷம் முழுக்க. மாற மாட்டார்கள். எனக்காக மாறினார்கள். அன்றைக்கு யாரிடம் பேட்டியோ, அவர் பக்கத்தில் நான். நான் உட்கார்ந்த இடத்துக்குச் சொந்தக்காரர் பின்னால் போய், ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி ஒண்டிக்கொண்டு வருவார். பத்துப் பேர், பத்து நாள்.

நான் என்ன செய்தேன்? பெருமை தாங்காமல் ஒரு வாக்குறுதி கொடுத்தேன்.

“உங்க பேரெல்லாம் அச்சுல வரும்க்கா.”

அதே வாயால்தான், அதே ஜீப்பில், ‘பெயர் எங்கும் வெளியிடப்படாது’ என்ற ஒப்புதல் படிவத்தையும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். எஞ்சின் இரைச்சலில் அது அவர்களுக்கு எவ்வளவு கேட்டதோ... எனக்கே கேட்கவில்லை போலிருக்கிறது.

சரி, கல்லூரிக்குப் போனேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் முடிவுரையைக் கையில் எடுத்தார். நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘பயண நேரம் வேலை நேரக் கணக்கில் சேருவதில்லை. உடம்பு அதைச் சேர்த்துக்கொள்கிறது.’

“கவிதையா இருக்கும்மா. ஆய்வா இல்ல” என்றார்.

திருத்திய பிறகு அது இப்படி ஆனது: ‘நீண்ட பயணம் உடல்நலத்தில் ஓரளவு தாக்கத்தை ஏற்படுத்தக்கூடும் எனக் கருத இடமுண்டு. மேலும் ஆய்வுகள் தேவை.’

அடுத்து வரம்புகள். நாம் என்னென்ன செய்யவில்லை என்று நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரே வழித்தடம், பத்தே பேர், இரைச்சல்... மூன்று வருட உழைப்பை மூன்று வரியில் நானே குறை சொல்லி முடித்தேன். படித்த படிப்புக்கு இது வேறு.

கடைசியாக நன்றியுரை. சார் ஒரு பட்டியலை நீட்டினார். செயலர், முதல்வர், துறைத் தலைவர், அப்புறம் அவர். பட்டங்களோடு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு வார்த்தை.

“மிச்சம் நாலு இருக்குல்ல. ‘பேட்டி தந்த பெண்களுக்கும் நன்றி’ன்னு போட்டுரு. கச்சிதமா முடிஞ்சிரும்.”

கச்சிதமாகத்தான் இருந்தது. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஜீப் இறங்கும் இடத்துக்கே போய் நின்றேன். ஒளிந்துகொள்ள முடியுமா? ஒரே ஊர். முதலில் இறங்கியவர், டிரைவர் பக்கத்து சீட்டில் வரும் அக்கா. மாதக்கணக்காக என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் அதே கேள்வி.

“ஏத்தா, பேரு வந்துருச்சா?”

சொன்னேன். படிவத்தைச் சொன்னேன், விதியைச் சொன்னேன், பட்டியலையும் சொன்னேன். தூக்குவாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டே கேட்டார்.

“ஓ. பெரிய மனுசக எல்லாரும் வந்துட்டாக. அவுக எந்த வளைவுல வாந்தி எடுத்தாகளாம்?”

“பேரு போட்டா தோட்டத்துல உங்களுக்குத்தான் பிரச்சனை வரும்னு...”

“ரேசன் கார்டு விட்டா என் பேரு எங்கனயும் அச்சுல வந்ததில்ல ஆத்தா. அதுலயும் அந்த மனுசன் பேருக்குக் கீழதான். சரி விடு. கடைசில என்னதான் எழுதிருக்க? அதயாச்சும் சொல்லு.”

முடிவுரையை வாசித்தேன்.

“தாக்கத்தை ஏற்படுத்தக்கூடுமா?” என்றார் பின்னால் இறங்கிய இன்னொரு அக்கா. “கூடுமா கூடாதான்னு என் இடுப்பக் கேட்டுப் பாரு. அதுக்கு என்ன ஆய்வு வேணுமாம் இன்னும்?”

எல்லோரும் சிரித்தார்கள். முன்சீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “பேரு இல்லன்னா, நாங்கதான்னு யாருக்குத் தெரியும்? என் எடத்துல உக்காந்துதான எழுதின. நான் பின்னால தொங்கிக்கிட்டு வந்தேன்ல?” என்று கேட்டுவிட்டு நடந்தார்.

‘என் எடத்துல’ என்றாரே! பேர் இல்லாவிட்டால் என்ன, ஆளுக்கொரு இடம் இருக்கிறதே.

வீட்டுக்கு வந்து பட்டியலை ஓரமாக வைத்தேன். ஐம்பது வார்த்தை, பத்துப் பேர். ஆளுக்கு ஐந்து. எழுத ஆரம்பித்தேன்.

‘கியர் கம்பி இடிக்கும் முழங்காலோடு வருபவருக்கு. எல்லோர் தூக்குவாளியையும் தன் மடியில் சுமப்பவருக்கு. ஒவ்வொரு வளைவிலும் மாதாவைக் கூப்பிடும் நடுசீட்டுக்காரருக்கு. கடைசி இடத்தில் கம்பியைப் பிடித்தபடியே தூங்குபவருக்கு...’

இப்படியே பத்துப் பேர். ‘நன்றி’ என்று எழுதத்தான் இடமில்லை. பரவாயில்லை, ‘நன்றியுரை’ என்ற தலைப்பிலேயே இருக்கிறது.

வெளியாட்கள் யாருக்கும் இவர்கள் யாரென்று தெரியாது. அந்த ஜீப்பில் ஏறுகிற பத்துப் பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஜீப் கிளம்பும் முன் வாசித்தேன். முழங்கால் வரி வந்ததும் முன்சீட்டு அக்கா, “இந்தா, அது நானு” என்றார். நிதானமாக, வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல. அடுத்தடுத்து ஒவ்வொருவராக. தூக்குவாளிக்காரருக்கு மட்டும் குறை: “அவ மாதாவக் கும்பிடுறா, நான் சோத்தச் சுமக்குறேனா? நானுந்தான் கும்பிடுறேன்.”

“சுமக்குறதும் நீதானடி” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முன்சீட்டு அக்கா மறுபடி அந்த ஐந்து வார்த்தையை மட்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஜீப் கிளம்பும்போது உதடு அசைந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்கிறார்.

முடிவுரையில் சார் போட்ட ‘கூடும்’ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாச் சண்டையையும் ஒரே நாளில் போட முடியாது. நன்றியுரையை மட்டும் என் விருப்பப்படி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சார் போன் செய்தார்.

“என்னம்மா இது? நன்றியுரைல முதல்வர் பேரு இல்ல, செயலர் பேரு இல்ல, என் பேரும் இல்ல?”

“பேரு போடக்கூடாதுன்னு விதி சார். மெயில்லயே இருக்கே.”

“சரி, வை” என்று போனை வைத்துவிட்டார்.

சாருக்கும் ஐந்து வார்த்தை வேண்டுமென்றால் சொல்லட்டும். என் பேட்டி முடிந்துவிட்டது. ஜீப்பில் பின்னால், கம்பியைப் பிடித்து ஒண்டிக்கொள்ள ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.