குல்லாவுக்குள் யார் பிள்ளை?

தண்ணீர் ஓரமாக நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில், தண்ணீரைப் பார்க்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. பெல்ட்டு, பக்கிள், ஜிப்பு, ஒழுகுகிற மூக்கு, அதற்கப்புறம் பெற்றவர்களின் முகம். பொழுது அதிலேயே போய்விடும்.

நான் இருப்பது குன்னூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் உள்ள ஒரு ரிசார்ட்டில். உள்ளே ஒரு ஏரி. முதலாளி ஒரு பெரிய படகுக்குக் கூரை போட்டு, நாற்காலி போட்டு, ‘ஃபேமிலி க்ரூஸ்’ என்று போர்டும் மாட்டிவிட்டார். கடலில் நாள்கணக்கில் போகிற கப்பலுக்குத்தான் அந்தப் பேராம். எங்கள் படகு ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் வாங்கி வைத்த டீ கூட ஆறாது. ஆனால் ஏரி ஆழம். கரையிலேயே ஆழம். மேலே தேயிலைச் சரிவு எப்படி இறங்குகிறதோ, தண்ணீருக்குள்ளும் அப்படியே இறங்கிப் போகிறது.

கொழுந்து பறித்து முட்டி தேய்ந்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். படகில் ஏறும் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட வேண்டும், கூட்டமான நாளில் படகிலும் கூடப் போக வேண்டும். எல்லாரும் பெல்ட்டக்கா என்று கூப்பிடுகிறார்கள். அடுத்தவர் பிள்ளையை ஒரு கல்யாண வீட்டிலாவது பார்த்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

தூக்கிப் பார்த்தல்

ஜாக்கெட்டை மாட்டி பெல்ட்டை இறுக்கினால் மட்டும் வேலை முடியாது. தோள்பட்டை இரண்டையும் பிடித்துப் பிள்ளையை அப்படியே மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். பிள்ளையும் கூட வந்தால் சரி. ஜாக்கெட் மட்டும் காது வரைக்கும் ஏறி, பிள்ளை கீழேயே நின்றால் பெல்ட்டு தளர்ச்சி என்று அர்த்தம். தண்ணீரிலும் அதேதான் நடக்கும். ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை மிதக்காது. எங்கள் ஊரில் இதில் இன்னொரு சிக்கல். மலை ஏறி வருகிற பிள்ளை ஒவ்வொன்றும் பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதுக்கு மேலே வழவழ ஜெர்க்கின் என்று வெங்காயம் மாதிரி வரும். எது பிள்ளை, எது துணி என்று கைக்கே தெரியாது.

ஒருநாள் திருப்பூர்ப் பக்கத்து அப்பா ஒருத்தர், நல்ல வாட்டசாட்டமான ஆள், மகனை நான் தூக்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சுருங்கிப்போனது. பிள்ளையை வெடுக்கென்று தூக்கினதில் கோபமோ என்று, “பயப்படாதீங்க, சும்மா பார்க்கறதுதான்” என்றேன். அவர் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“பையனைத் தூக்கிப் பாத்தீங்க, சரி. நான் தண்ணியில உளுந்தா அளுகறதுக்கு எங்கூட்ல ஆளில்லைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாக்கும்?”

உள்ளேயா, வெளியேயா

ஈரோட்டிலிருந்து வந்த ஒரு அம்மிணி, அன்று காலையில்தான் ஊட்டியில் மகளுக்கு ரோஸ் கலர் ஸ்வெட்டர் வாங்கியிருந்தது. எங்கள் ஜாக்கெட்டோ ஆரஞ்சு. ஃபோட்டோவில் ரெண்டும் அடித்துக்கொள்ளும் என்று, நான் அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் திரும்புவதற்குள், ஜாக்கெட்டை உள்ளே போட்டு ஸ்வெட்டரை அதன் மேலே இழுத்து மாட்டிவிட்டது. பிள்ளை பூசணிக்காய் மாதிரி நிற்கிறது. கையை மடக்க முடியவில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

“இப்படிப் போட்டா ஆபத்துல புடிச்சு இழுக்கக் கூட பிடி கிடைக்காதுங்க அம்மிணி, ஸ்வெட்டரைக் கழட்டுங்க” என்றேன். காற்று வேறு அடிக்கிறது. அந்த அம்மா என்னை ஏதோ பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தது. அது சொன்ன பதிலைக் கேட்டு, அன்று சாயங்காலம் வரை யார் பக்கம் நியாயம் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

“ஏனுங்க, தண்ணியில உளுந்தா ஒடனே எடுத்துப்போடலாம். சளி புடிச்சா ஊருக்குப் போயும் உடாதுங்களே!”

பொறுப்பு

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெரியவர் ஒருத்தர் பொறுப்பு, படகில் அந்தப் பிள்ளை கையை விடக்கூடாது. இது எங்கள் மேனேஜர் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். ஒரு பெரிய குடும்பம் வந்தது. “இந்தப் பாப்பாவுக்கு ஆருங்க பொறுப்பு?” என்று கேட்டேன். அப்பா அம்மாவைக் காட்டினார். அம்மா, “எங்க கொழுந்தனார்கிட்டத்தான் எப்பவும் இருப்பா” என்றது. கொழுந்தனார் மைத்துனியைக் காட்டினார். மைத்துனி செல்ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே பின்பக்கமாகக் கட்டைவிரலைக் காட்டியது. பின்னால் இருந்தது ஒரு வயசான அம்மா, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, படகு ஆடுவதையே பயந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நாலைந்து பேர் சுற்றி நிற்கிற பிள்ளைதான் ரொம்பத் தனியாக நிற்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று அந்த அம்மாவிடமும் கேட்டேன்.

“எனக்கே ஒருத்தர் கையப் புடிக்கோணும் கண்ணு. ஆராச்சும் பொறுப்பு ஏத்துக்கிட்டா, என்னையும் அதுலயே சேத்து எளுதிக்க.”

சிவப்புக் குல்லா

இதைச் சொல்லும்போது இப்போதும் பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. எது முதலில் வருகிறது என்று தெரியவில்லை.

மலைக்கு வருகிற குடும்பங்கள் முதலில் செய்கிற காரியம், பிள்ளைக்கு மங்கி குல்லா வாங்குவது. காது, கழுத்து, நெற்றி எல்லாம் மூடி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். அந்த சீசனில் எல்லாக் கடையிலும் ஒரே சிவப்புக் குல்லாவைத் தொங்கவிட்டிருந்தார்கள். உச்சியில் ஒரு வெள்ளைக் குஞ்சம். எங்கள் வரிசையில் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் மாட்டிக்கொண்டு நின்றன. மேலே சிவப்புக் குல்லா, கீழே ஆரஞ்சு ஜாக்கெட். நான் மாட்டிக்கொண்டே போகிறேன், தூக்கிக்கொண்டே போகிறேன்.

படகு நடு ஏரிக்குப் போனதும் மேகம் இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அது சொல்லிக்கொண்டு வராது. எதிரில் இருக்கிற ஆள் வேட்டி காயப்போட்ட மாதிரி வெள்ளையாகத் தெரிவார். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு அம்மா கத்தியது: “ஐயோ, மித்ரா! மித்ரா தண்ணியில!” எட்டிப் பார்த்தேன். படகுக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு சிவப்புக் குல்லா மிதந்துகொண்டு தள்ளிப் போகிறது. படகு ஓட்டுகிற போஜன் உடனே இன்ஜினை நிறுத்தினார்.

“ஏய், கத்தாத. மித்ரா இங்க எங்கிட்டத்தான இருக்கா” என்றார் புருஷன். மடியில் சிவப்புக் குல்லாவோடு பிள்ளை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மா ஓடிப்போய்க் குல்லாவைப் பிடுங்கியது. உள்ளே ஒட்ட வெட்டின தலையோடு ஒரு பையன்! அந்த மனுஷன் அதுவரைக்கும் யாரோ பெற்ற பிள்ளைக்கு மிக்சர் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

போஜன் பிக்கட்டி ஊர்ப் பக்கம், படகர் இனத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். ஜாக்கெட் மாட்டியிருந்தார், கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு குதித்துவிட்டார். அந்தத் தண்ணீரில் விரலை வைத்தாலே எலும்பில் குத்தும். படகில் எல்லாரும் ஒரே பக்கம் ஓடி வந்து எட்டிப் பார்க்க, படகு சாய்ந்தது. “உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!” என்று கத்தினேன். மித்ராவின் அப்பா குதிக்கப் பார்த்தார், அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தொங்கினேன். என் மனசுக்குள் ஓடினதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிள்ளையை நான் தூக்கிப் பார்த்தேனா? எத்தனையோ சிவப்புக் குல்லாவைத் தூக்கினேன். மித்ராவைத் தூக்கினேனா? முகமே பார்க்காத பிள்ளையை எப்படி ஞாபகம் வைப்பது?

என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தேன். “அவங்கவங்ககிட்ட இருக்கற புள்ளையத் தூக்கிக் காட்டுங்க! இப்பவே!” என்றேன். ஆளாளுக்குப் பிள்ளைகளைத் தூக்கினார்கள். மூலையில் ஒரு அம்மா, செல்ஃபோனில் மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது, அப்போதுதான் திரும்பித் தன் சால்வையை விலக்கியது. உள்ளே வெறுந்தலையோடு ஒரு பெண் குழந்தை, வாயில் கட்டைவிரல், அரைத் தூக்கம். “ஐயையோ, இது எங்களுது இல்லீங்களே! எங்க கவின் எங்க?” என்று அது ஒரு அலறல். கவின்தான் மிக்சர் சாப்பிட்டவன். குல்லா காற்றில் பறந்ததும், மித்ரா குளிருக்குப் பக்கத்திலிருந்த சால்வைக்குள் நுழைந்துவிட்டாள். அந்த அம்மா அவளைத் தன் பிள்ளை என்று நினைத்து அணைத்துக்கொண்டது. அதற்கு முன்பே கவின் மித்ராவின் அப்பா மடியில் ஏறிவிட்டான். பிள்ளைகளை மாற்றிக் கொடுத்தபோது அந்த ரெண்டு அம்மாக்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பிள்ளை கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். போஜனைக் கயிற்றோடு இழுத்து மேலே ஏற்றினோம், கையில் வெறும் குல்லா.

நான் கவினிடம் கேட்டேன், “ஏன் சாமி, தெரியாத ஆள் மடியில போய்ப் பேசாம உக்காந்திருந்தே?” அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

“அந்த மாமா கை சூடா இருந்துச்சு.”

மேனேஜர் விசாரணை

கரைக்கு வந்ததும் போஜனைப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி பாய்லர் ஓரமாக உட்காரவைத்து, பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தோம். பல் அடித்துக்கொண்டே இருந்தது. கையில் இன்னும் அந்தக் குல்லா. மேனேஜர் தம்பி ஓடி வந்தார். சமவெளியிலிருந்து வந்த பிள்ளை, எதையும் வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. “புள்ளை விழுந்துச்சா?” இல்லை. “பெல்ட்டு அவுந்துச்சா?” இல்லை. “படகு மோதுச்சா?” இல்லை. “அந்தக் குடும்பம் என்ன சொல்லுது?” ரெண்டு குடும்பமும் ஒரே மேஜையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கவின் மறுபடியும் அந்த மாமா மடியில்தான் இருந்தான்.

அவர் என்னைப் பார்த்தார், போஜனைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார்.

“அக்கா, தண்ணியில யாருமே விழலைங்கறீங்க. அப்ப போஜன் மட்டும் ஏன் நனைஞ்சிருக்காரு?”

முகம் காட்டல்

அன்றைக்கே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். படகில் ஏறுவதற்கு முன்னால் பிள்ளைகள் எல்லாம் குல்லாவைக் கழட்டி முகத்தைக் காட்ட வேண்டும், யார் கையைப் பிடிக்கப் போகிறார்களோ அவர்கள் அந்த முகத்தைப் பார்த்து ‘எங்களுதுதான்’ என்று சொல்ல வேண்டும். நானும் அந்த முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொள்வேன். அப்புறம்தான் தூக்குவேன். “பொண்ணு பார்க்கிற மாதிரி இருக்குதே” என்று மேனேஜர் முணுமுணுத்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் குல்லாவைக் கழட்டச் சொன்னேன். கழட்டினார்கள். அத்தனையும் மொட்டை! பழனியில் முடி இறக்கிவிட்டு நேராக மலைக்கு வந்திருக்கிறார்கள். எல்லா மொட்டையிலும் சந்தனம். ஆணா பெண்ணா என்று கூடத் தெரியவில்லை. எனக்குத் தலை சுற்றியது. “இதுல உங்களுது எதுங்க?” என்று முன்னால் நின்ற அம்மாவைக் கேட்டேன். அது ஒவ்வொரு தலையாகப் பார்த்தது. ஒரு தலையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது. “இருங்க, குரலை வெச்சுக் கண்டுபுடிக்கிறேன்” என்று, “யாருக்குச் சாமி சோளம் வேணும்?” என்றது. எல்லா மொட்டையும் ஒரே குரலில் “எனக்கு!” என்றன.

பின்னால் நின்ற பெரியவர்கள் எல்லாம் முன்னால் வந்துவிட்டார்கள். செல்ஃபோன்கள் பைக்குள் போயின. சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எது யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. நான் ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஒவ்வொன்றும் ஜாக்கெட்டோடு சேர்ந்து வந்தது. படகு ஏரியைச் சுற்றி வந்தபோதும் ஒரு கை கூட விடவில்லை. அந்தச் சுற்றில்தான் நான் முதன்முதலாகத் தண்ணீரை நிதானமாகப் பார்த்தேன், நன்றாகப் பச்சையாக இருந்தது. ஏறும்போது அந்த அம்மா என் தோளைத் தட்டிச் சொன்னது இதுதான்:

“இப்போதைக்கு அத்தனையும் எங்க புள்ளைன்னே வெச்சுக்கறோமுங்க. எறங்கறப்ப பிரிச்சுக்கலாம்!”

யார் பிள்ளை என்று தெரிந்தவர்கள் இருக்கும் படகைவிட, யார் பிள்ளையோ என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கும் படகுதான் பத்திரமாகக் கரைக்கு வருகிறது என்று தோன்றுகிறது, அது எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.